ஏசி ரூம் முற்றுகை

வெளியே தாழ்ப்பாள் விழுந்தபோது ஜெபகனி பெரிய கம்ப்யூட்டரின் முதுகுப் பக்கம் தரையில் மண்டியிட்டு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டிருந்தாள். யாரோ காற்றுக்குக் கதவைச் சாத்தியிருப்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். வைகாசி மாதம், மேற்கேயிருந்து வீசும் கச்சான் காற்று உப்பளத்து மண்ணை வாரிக்கொண்டு வந்து ஆலைக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. ஆனால் தாழ்ப்பாளைத் தொடர்ந்து கோஷம் கிளம்பியது. ஒரு குரல் சொல்ல, நூறு குரல் திருப்பிச் சொன்னது. எழுந்து பார்த்தபோது கதவின் சின்னக் கண்ணாடிச் சதுரத்தில் தலைகளாகத் தெரிந்தன.

"நம்மள உள்ள வச்சு அடைச்சு கேரோ பண்ணிட்டானுவ," என்றார் சிவனணைந்தபெருமாள். அவர்தான் ஆலையின் ஒர்க்ஸ் மேனேஜர். ஸ்ரீவைகுண்டத்துக்காரர். அந்த முழுப்பெயரைச் சொல்லி அவரை யாரும் அழைத்ததில்லை; எல்லாருக்கும் பெருமாள் சார். "எமர்ஜென்சி போனாலும் போச்சு, எல்லாவனுக்கும் வாய் வந்துட்டு."

அறைக்குள் மூன்று பேர் இருந்தார்கள். பெருமாள் சார், மிஷினை இயக்குகிற பவுல், அப்புறம் ஜெபகனி. சற்று நேரத்தில் தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த குளிர்காற்றின் இரைச்சல் நின்றது. ஏசி பிளான்ட்டை யாரோ நிறுத்திவிட்டார்கள். அந்த அறையின் ஜன்னல்களைத் திறக்க முடியாது. தூசி வரக்கூடாது என்று கட்டும்போதே கண்ணாடி வைத்து அடைத்திருந்தார்கள்.

"நீங்க வேலையப் பாருங்க ஜெபகனி," என்றார் பெருமாள் சார். "அது ஓடிட்டுன்னா இவனுவ கத்தி ஒண்ணும் ஆகப்போறதில்ல."

ஜெபகனி மறுபடி மண்டியிட்டாள். அவளுக்குச் சாத்தான்குளம். கோயம்புத்தூரில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். வகுப்பில் பெண் என்று அவள் ஒருத்திதான். ஆலையிலும் பேன்ட் போட்ட எஞ்சினியர்களுக்கு நடுவே சேலை கட்டின எஞ்சினியர் அவள் ஒருத்திதான். அந்த அறையில் இரண்டு கம்ப்யூட்டர்கள் பக்கத்துப் பக்கத்தில் பீரோ மாதிரி நின்றன. பெரியது ஆலை தொடங்கியபோதே வந்தது. துறைமுகத்தில் இறங்குகிற கந்தகத்தின் எடை, தொட்டிகளின் மட்டம், பாய்லரின் சூடு எல்லாவற்றையும் குறித்து வைப்பது அதன் வேலை. சின்னது போன வருஷம் பம்பாயிலிருந்து வந்தது. ஸ்டோர்க் கணக்கும் சம்பளக் கணக்கும் அதில் நடந்தன.

இரண்டும் ஒன்றோடொன்று பேசாது. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குள்ளும் ஒரு வரிசை வயர்கள் உண்டு. அதன் வழியாகத்தான் அதன் மூளையும் நினைவகமும் டிஸ்க்கும் எண்களைக் கொடுத்து வாங்கிக்கொள்ளும். அதற்கு பஸ் என்று பெயர். பெரியதின் பஸ்ஸில் எண் போய்ச் சேர வேண்டிய விலாசத்துக்குத் தனி வயர், எண் என்கிற சரக்குக்குத் தனி வயர். சின்னதில் இரண்டுக்கும் ஒரே வயர்கள்தான்; முதலில் விலாசம் போகும், பின்னாலேயே சரக்கு போகும். நேராக இணைத்தால் ஒன்று சொல்வது மற்றதற்குப் புரியாது. அதனால்தான் அடாப்டர் என்று ஒன்றை வரவழைத்திருந்தார்கள். பெரியதில் செருக ஒரு கார்டு, சின்னதில் செருக ஒரு கார்டு, இரண்டுக்கும் நடுவே ரிப்பன் மாதிரித் தட்டையான ஒரு கேபிள். பஸ்ஸை இணைக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட கேட் வாட்ச்மேன், "எந்தூரு பஸ்ஸும்மா?" என்று கேட்டிருந்தார்.

அதுவரை அந்த இரண்டு மிஷின்களையும் இணைத்தது டாலி செக்‌ஷன்தான். அடுத்த அறையில் எட்டுப் பேர் உட்கார்ந்து, பெரிய மிஷின் அடித்துத் தள்ளுகிற காகிதத்தைப் பார்த்துச் சின்ன மிஷினுக்குத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்கள். அந்த எட்டுப் பேரில் ஒருவன் எஸ்றா. ஜெபகனியின் புருஷன்.

அடாப்டர் வருகிற செய்தியைச் சித்திரை தொடக்கத்தில் பெருமாள் சார் அவளைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். டாலி செக்‌ஷனை மூடப்போகிறோம் என்பதையும் கூடவே சொன்னார். "அவங்க என்ன சார் ஆவாங்க?" என்று கேட்டதற்கு, "பாத்துக்கிடலாம். வெளிய மூச்சு விடக்கூடாது. உங்க வீட்டுக்காரர்ட்டயும்தான்," என்றார். அவள் மூச்சு விடவில்லை. எஸ்றா கேட்டபோது, "ஸ்டோருக்கு ஏதோ புது கார்டு அத்தான்," என்று சொல்லிவிட்டுக் குழம்புக்கு உப்புப் பார்க்கப் போய்விட்டாள். அன்றிலிருந்து அவன் ஆசையாக ஏதாவது பேச வந்தாலே அவள் எழுந்து வேறு வேலை பார்க்கப் போனாள். சொல்லலாம் என்று வாயெடுப்பாள். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பானே என்று மூடிக்கொள்வாள். நாளாக ஆக அது இன்னும் கஷ்டமானது. இப்போது செய்தி எப்படியோ யூனியன் காதுக்கும் எட்டிவிட்டது.

கார்டுகளில் உள்ள குட்டி ஸ்விட்சுகளை ஏற்கெனவே வைத்து முடித்திருந்தாள். பெரியதின் நினைவகத்தில் எந்த இடத்தைச் சின்னது ஜன்னல் வழியாகப் பார்க்கிற மாதிரிப் பார்க்க வேண்டும், அவசரமென்றால் எந்த எண்ணைச் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் அந்த ஸ்விட்சுகளில்தான் இருந்தது. பவுல் சோதனை புரோகிராமை ஓட்டினான். சின்ன மிஷின் ஒரு வரி அடித்துவிட்டு அப்படியே நின்றுபோனது. மறுபடி ஓட்டினான். மறுபடியும் அதே இடம்.

"என்னம்மா?" என்றார் பெருமாள் சார்.

"உப்பா இருக்கும் சார்." கார்டைக் கழற்றி, அதன் விளிம்பில் இருந்த பொன்முலாம் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்தாள். இந்த ஊர்க் காற்றில் பொன்னே பச்சை பிடிக்கும். திரும்பச் செருகினாள். மிஷின் திரும்பவும் நின்றது.

வெக்கை ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு மிஷின்களும் விடுகிற சூடு போக வழியில்லாமல் அறைக்குள்ளேயே சுற்றியது. பெருமாள் சாரின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. அவருக்கு ரத்தக்கொதிப்பு, மாத்திரை வீட்டில் இருந்தது. பவுல் மேசை மேல் தலையைச் சாய்த்துக்கொண்டான். கதவில் கைகள் தட்டுகிற சத்தம் ஓயவில்லை. அந்தக் கைகளில் எஸ்றாவின் கையும் உண்டா என்று ஜெபகனிக்குத் தெரியவில்லை. காலையில் அவன்தான் லாம்பி ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டி வந்தான். கேட்டில் இறங்கும்போது, "இன்னைக்கு யூனியன்காரங்க ஏதோ பண்ணப்போறாவளாம், நீ சீக்கிரம் வீட்டுக்குப் போயிரு," என்று சொல்லியிருந்தான்.

அவளுக்கு இன்னொரு அவஸ்தையும் தொடங்கியிருந்தது. காலையில் குடித்த காபிக்குப் பிறகு அவள் பாத்ரூம் போகவில்லை. ஆண்கள் இருவர் இருக்கிற அறையில் அதைச் சொல்லவும் முடியவில்லை. பவுல் நீட்டிய தண்ணீரை வேண்டாமென்றாள். நிற்க முடியாமல் உட்கார்ந்தாள். உட்கார முடியாமல் நின்றாள்.

கவனத்தை வேறு பக்கம் திருப்புவதற்காகவே மீட்டரை எடுத்துக்கொண்டு பெரிய மிஷினின் பின்பக்கம் போனாள். பெரிய மிஷினில் நினைத்த கார்டு நினைத்த நேரத்தில் பஸ்ஸில் பேசிவிட முடியாது. பேச வேண்டிய கார்டு கை தூக்கும். மூளை அனுமதி கொடுக்கும். அந்த அனுமதி முதல் கார்டிலிருந்து அடுத்த கார்டுக்கு என்று வரிசையாகக் கைமாறிப் போகும். காலி இடத்தில் வரிசை அறுந்துவிடக் கூடாது என்பதற்காக ஒவ்வோர் இடத்தின் பின்னாலும் ஒரு சின்ன வயரைப் பாலம் போல முறுக்கி விட்டிருப்பார்கள். கார்டு செருகுகிறபோது அந்தப் பாலத்தை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அனுமதி அந்தக் கார்டைத் தொடாமலே தாண்டிப் போய்விடும். டார்ச் வெளிச்சத்தில் அவள் அதைப் பார்த்தாள். நூற்றுக்கணக்கான வயர்களுக்கு நடுவே, அடாப்டர் செருகிய இடத்துக்குப் பின்னால், நீல நிறத்தில் ஒரு சிறு வயர். யாரும் எடுக்கவில்லை. அவளும்தான் எடுக்கவில்லை.

முள் பிடுங்குகிற மாதிரிச் சாமணத்தால் இழுத்தால் வந்துவிடும். கை அதுவரைக்கும் போனது. போன கை அங்கேயே நின்றது.

"கிடைச்சுதா?" என்று கேட்டார் பெருமாள் சார்.

"பாக்கேன் சார்."

அவள் டார்ச்சை அணைத்தாள்.

கதவுக்கு வெளியே ஒரு பெண் குரல் மற்ற எல்லாக் குரலையும் அமுக்கிக்கொண்டு எழுந்தது. "ஏலே, உள்ள ஒரு பொம்பள இருக்கா! காலையில இருந்து எங்கன போவா? உங்க வீட்டுப் பொம்பளைன்னா இப்படி அடைச்சு வைப்பியளா?" டாலி செக்‌ஷனில் வேலை செய்யும் சீனித்தாய். புருஷன் தோணியில் போனவன் திரும்பி வராததால் அந்த வேலைக்கு வந்தவள்.

தாழ்ப்பாள் விலகியது. யூனியன் செயலாளர் மாடக்கண்ணு தலையை நீட்டினார். "அம்மா மட்டும் வரட்டும். ஆம்பளையளுக்கு அனுமதி கெடையாது."

பெருமாள் சார் அவள் காதருகே வந்தார். "வெளிய போனா திரும்ப உள்ள விடமாட்டானுவ. வேலை பாதியில நிக்கும்."

"எனக்கு வேற வழியில்ல சார்," என்று சொல்லிவிட்டு ஜெபகனி வெளியேறினாள்.

வராந்தா முழுக்க ஆட்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கால் வைக்க இடமில்லை. அவள் வந்ததும் கோஷம் நின்றது. முழங்கால்களை ஒடுக்கி வழிவிட்டார்கள். பாதி தூரத்தில் எஸ்றாவைப் பார்த்தாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்து லேசாகச் சிரித்தான். அவள் தரையைப் பார்த்து நடந்தாள்.

பாத்ரூமிலிருந்து வெளியே வந்தபோது சீனித்தாய் வாளித் தண்ணீரில் ஒரு குவளை மொண்டு வைத்திருந்தாள். ஜெபகனி முகம் கழுவினாள்.

"எஞ்சினியரம்மா, ஒண்ணு கேக்கட்டா?" என்றாள் சீனித்தாய். "அந்த கார்டு ஓடிட்டுன்னா நாங்க வேண்டாமா?"

முகத்தில் வழிந்த தண்ணீரை ஜெபகனி துடைக்கவில்லை. "வேண்டாம்க்கா," என்றாள்.

சீனித்தாய் குவளையைக் கவிழ்த்து வைத்துவிட்டு முன்னால் நடந்தாள்.

திரும்பும் வழியில் எஸ்றா எழுந்து வந்தான். "கனி, நீ வீட்டுக்குப் போ. மாடக்கண்ணு அண்ணாச்சிட்ட பேசிட்டேன், கேட்டு வரைக்கும் விட்டுருவாவ." பிறகு கூட்டத்துக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான்: "எல்லார்ட்டயும் சொல்லிட்டேன். எம் பொஞ்சாதிக்கு இதுல ஒண்ணும் தெரியாது, ஸ்டோர் வேலைன்னு சொல்லித்தான் அவளக் கொண்டு போயிருக்காவன்னு."

கேட் திறந்து கிடந்தது. அவள் பேசாமல் நடந்திருந்தால் வீட்டுக்குப் போயிருக்கலாம். அடுத்த வாரம் பம்பாய்க் கம்பெனியிலிருந்து ஒருத்தன் வருவான். டீ ஆறுவதற்குள் அந்த நீல வயரைக் கண்டுபிடித்துவிடுவான். எட்டுப் பேருக்கும் வேலை போகும். எஸ்றா அப்போதும் அவளுக்கு ஒன்றும் தெரியாது என்றே சொல்லிக்கொண்டிருப்பான்.

"எனக்குத் தெரியும் அத்தான்," என்றாள். "சித்திரையிலயே தெரியும்."

அவன் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்று, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. அவன் திரும்பிச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தான். எல்லாரும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னாலிருந்து ஒருத்தன், "நல்ல பொஞ்சாதிலே உனக்கு," என்றான். எஸ்றா சுவரோரம் போய், முகத்தை மறுபக்கம் திருப்பி உட்கார்ந்துகொண்டான்.

ஜெபகனி மாடக்கண்ணுவிடம் திரும்பினாள். "அண்ணாச்சி, அது இன்னும் ஓடல. எப்படி ஓட்டணும்னு எனக்குத் தெரியும். நான் செய்யலன்னா இன்னொருத்தன் வந்து செய்வான். உங்களுக்கு என்ன வேணுமோ அத ஓடுறதுக்கு முன்னாடி கேளுங்க. ஓடுனப்புறம் கேட்டா யாரு காது கொடுப்பா?"

மாடக்கண்ணு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இப்ப நீ எங்க போற?"

"உள்ளதான்."

அவரே தாழ்ப்பாளை விலக்கினார். உள்ளே போனதும் அது மறுபடி விழுந்தது. வெளிக்காற்றை ஒரு முறை மூச்சிழுத்துவிட்டு வந்தவளுக்கு அந்த அறை இப்போது அடுப்படியாக இருந்தது.

"நல்லவேளை வந்தீங்க," என்று பெருமாள் சார் எழுந்தார்.

"கோளாறு எங்கன்னு தெரிஞ்சுபோச்சு சார். ஒரு வயரை எடுக்கணும். டாலி செக்‌ஷன்ல யாரையும் வீட்டுக்கு அனுப்ப மாட்டோம்னு எழுதிக் கொடுங்க, எடுக்கேன்."

அவர் முகம் சிவந்தது. "நீ யாரு பக்கம்? கம்பெனிச் சம்பளம் வாங்கிட்டு கம்பெனிக்கே கெடு வைக்கியா? நாளைக்கே உன்னைய டிஸ்மிஸ் பண்ணுவேன்!"

"பண்ணுங்க சார்."

"பவுல், நீ எடு அந்த வயர!"

பவுல் மிஷினின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தான். முறுக்கு முறுக்காக வயர்க்காடு. "தப்பா ஒண்ண இழுத்தா பெரிய மிஷினே போயிரும் சார். பாய்லர் சூடு தெரியாது," என்று சொல்லிவிட்டுத் தன் நாற்காலிக்குத் திரும்பினான்.

பெருமாள் சார் மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஜெபகனி கம்ப்யூட்டரில் சாய்ந்தாள். தகடு முதுகைச் சுட்டது. வெளியே தன்னைத் தூற்றுகிறார்கள், உள்ளே இவர் தூற்றுகிறார், வீட்டுக்குப் போனால் எஸ்றா. எந்தப் பக்கமும் ஒதுங்க இடமில்லாமல் இப்படி நின்றதே இல்லை.

"பெரிய மிஷின் இன்னும் எவ்வளவு நேரம் இந்தச் சூட்டைத் தாங்கும்?" என்று கேட்டார் பெருமாள் சார், இப்போது வேறு குரலில்.

"தெரியல சார். ரொம்ப நேரம் தாங்காது."

அவர் போனை எடுத்து மெட்ராஸ் தலைமை அலுவலகத்துக்கு டிரங்க் கால் போட்டார். லைன் கிடைக்கிற வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கிடைத்ததும் இங்கிலீஷில் கெஞ்சினார், கோபப்பட்டார், மறுபடி கெஞ்சினார். கடைசியில் இரண்டு தாளுக்கு நடுவே கார்பன் வைத்து எழுதத் தொடங்கினார். டாலி செக்‌ஷன் ஆட்கள் யாரையும் வேலையை விட்டு நிறுத்துவதில்லை. ஆலைக்குள்ளேயே வேறு வேலைக்கு மாற்றுவது. மாடக்கண்ணு கதவிடுக்கு வழியாக அதை வாங்கிக்கொண்டு போய் எல்லாருக்கும் உரக்கப் படித்தார். கசமுசாவென்று பேச்சு நடந்தது. தானும் கையெழுத்துப் போட்டுப் பிரதியைத் திருப்பிக் கொடுத்தார். "ஓடுறதப் பாத்துட்டுத்தான் கலைவோம். ஓடாத மிஷினுக்கு ஒப்பந்தம் போட்டியன்னு நாளைக்கு எவனும் சொல்லப்புடாது," என்றார். ஏசி இரைச்சல் திரும்ப வந்தது.

ஜெபகனி பெரிய மிஷினை ஓரிரு நிமிடம் நிறுத்தி, சாமணத்தால் அந்த நீல வயரை இழுத்தாள். மிஷினைக் கிளப்பினாள். பவுல் புரோகிராமை ஓட்டினான். முதல் வரி, இரண்டாம் வரி, பெரியதிலிருந்து எண்கள் சின்னதின் திரைக்கு வந்து விழுந்தன. பவுல் கை தட்டப் போனான். அதற்குள் இரண்டு மிஷினும் சேர்ந்தாற்போல் நின்றுவிட்டன.

"ஏமாத்திட்டே," என்றார் பெருமாள் சார் மெல்ல. "எழுதி வாங்கிட்டு ஏமாத்திட்டே."

"இல்ல சார்." அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. பிறகு நின்றுபோன மிஷின்களின் விளக்குகளைப் பார்த்தாள். இரண்டிலும் ஒரே விளக்கு எரிந்துகொண்டிருந்தது: காத்திருக்கிறேன் என்று அதற்கு அர்த்தம். சின்னது தன் பஸ்ஸைப் பிடித்துக்கொண்டு பெரியதற்காகக் காத்திருந்தது. அதே நொடியில் பெரியது தன் பஸ்ஸைப் பிடித்துக்கொண்டு சின்னதற்காகக் காத்திருந்தது. இப்படி நடந்தால் யார் பிடியை விட்டுவிட்டுத் திரும்ப முயல வேண்டும் என்பதற்குக் கார்டின் ஓரத்தில் ஒரு ஸ்விட்ச் உண்டு. இரண்டு கார்டிலும் அதை விடாதே என்றே வைத்திருந்தாள். சின்னதின் கார்டை உருவி, நகத்தால் அந்த ஸ்விட்சை மறுபக்கம் தள்ளி, திரும்பச் செருகினாள்.

பவுல் மறுபடி ஓட்டினான், இந்த முறை நிற்கவில்லை. எண்கள் வந்துகொண்டே இருந்தன. டாலி செக்‌ஷன் ஒரு முழு ஷிப்ட் உட்கார்ந்து தட்டுகிற கணக்கு, அவள் நெற்றியைத் துடைத்து முடிப்பதற்குள் ஏறிவிட்டது. திறந்த கதவில் நின்று மாடக்கண்ணும் சீனித்தாயும் அதைப் பார்த்தார்கள். சீனித்தாய், "இவ்வளவுதானா?" என்று கேட்டாள். கூட்டம் கலைந்தது.

எஸ்றா கேட்டுக்கு வெளியே லாம்பியோடு நின்றான். அவள் ஏறி உட்கார்ந்தாள். உப்பளத்து ரோட்டில் காற்று வண்டியைத் தள்ளியது. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, சாவியைப் பார்த்தபடி சொன்னான். "வேலை போறது பெருசில்ல கனி. வீட்டுல நாம ரெண்டு பேருதான இருக்கோம். இங்க வச்சு சொல்லியிருக்கலாம்லா? அத்தன பேரு முன்னால நான் உனக்காகச் சத்தியம் பண்ணிட்டு உக்காந்திருந்தேன்."

அவள் இறங்கிப் போய்க் கதவைத் திறந்தாள்.

எட்டுப் பேருக்கும் வேலை போகவில்லை. சீனித்தாய் கேன்டீனுக்குப் போனாள். எஸ்றாவைக் கந்தகம் அடுக்கி வைக்கிற கிட்டங்கியில் மூட்டை எண்ணப் போட்டார்கள். மஞ்சள் தூசியில் தினமும் கண் சிவந்து வீட்டுக்கு வந்தான். பெருமாள் சார் ஜெபகனியை டிஸ்மிஸ் செய்யவில்லை. அவள் மெட்ராஸ் ஆபீசுக்கு மாற்றல் கேட்டபோது, "நீங்க போயிட்டா அந்த கார்ட யாரு பாப்பா?" என்று சொல்லி மறுத்தார். பிரமோஷன் கேட்டபோது அன்றைய முற்றுகையை நினைவுபடுத்தினார். யூனியன்காரர்கள் அவளுக்கு வணக்கம் வைத்தார்கள். ஆனால் அவள் வந்தால் பேச்சை நிறுத்தினார்கள். எஸ்றா தேவைக்கு மட்டும் பேசினான். சாப்பாடு போடு, விளக்கை அணை, அவ்வளவுதான்.

ஆவணியில் ஒரு சாயங்காலம் அவன் முற்றத்தில் நின்று கண்ணைக் கழுவிக்கொண்டிருந்தான். அவள் செம்பில் மொண்டு தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஆலையிலிருந்து வந்து அவள் இன்னும் சேலைகூட மாற்றவில்லை.

"அத்தான், ஒண்ணு சொல்லணும்," என்றாள். "பெருமாள் சார் இன்னைக்குக் கூப்பிட்டாரு. இன்னொரு அடாப்டர் வருதாம். கேட் எடைமேடைக்குப் புதுசா ஒரு மிஷின் வாங்கி, அதையும் எங்க ரூம்லயே கொண்டுவந்து சேர்க்கப் போறாவ. யார்ட்டயும் சொல்லக்கூடாதுன்னாரு."

எஸ்றா முகத்திலிருந்து கையை எடுத்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு அவளை நேராகப் பார்த்தான். "எடைமேடையில மாடக்கண்ணு அண்ணாச்சியும் இன்னும் நாலு பேரும்லா இருக்காவ."

"ஆமா."

"இத நீ சொன்னேன்னு தெரிஞ்சா உன்னைய விடமாட்டாரே அந்த ஆளு."

"தெரியும் அத்தான்."

அவன் துண்டால் முகத்தைத் துடைத்தான். கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய் லாம்பியை உதைத்தான். அது ஓட ஆரம்பித்த பிறகும் கிளம்பாமல் நின்றான்.

"நீயும் வா," என்றான். "அண்ணாச்சிட்ட நீயே சொல்லு. எனக்கு அந்த கார்டு சமாச்சாரமெல்லாம் சொல்லத் தெரியாது."

அவள் செம்பை அங்கேயே வைத்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு வந்து ஏறினாள்.